ரேடியம் என்ற ஒரு சொல்லும் இருட்டில் வழிகாட்டும் பலகையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயா குடித்துக்கொண்டே வாசியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். சென்ற மாதம் போனில் கேட்டார்: "சார், வெளியே போகும் வழி என்று பலகை வைக்கணுமாம். கரண்டு போனாலும் தெரியணுமாம். கடையில் ரேடியம் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினால் போதுமா? ரேடியம் என்றால் கேன்சர் வருமே என்று வீட்டில் பயப்படுகிறார்கள்."

இரண்டு கேள்விக்கும் பதில் இதுதான். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் துளிகூடக் கிடையாது. அதனால் பயம் வேண்டாம். ஆனால் அது இருட்டில் தானாக ஒளிராது. அதனால் அது போதாது.

போனில் இவ்வளவுதான் சொன்னேன். சொல்லாமல் விட்டது நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை. அதில் குளச்சலைத் தாண்டினால் வரும் நம் மணவாளக்குறிச்சி மணலுக்கும் பங்கு இருக்கிறது. உங்களில் பலர் இன்று பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள், ஆஸ்பத்திரி வைத்திருக்கிறீர்கள், கோயில், சர்ச் கமிட்டிகளில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் "ரேடியம்" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருட்களைச் சொல்கிறோம்.

முதலாவது, லாரியின் பின்னாலும் பைக் நம்பர் பிளேட்டிலும் ஒட்டுவது. இது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். எதிரே ஹெட்லைட் இருந்தால் பளிச்சென்று தெரியும். லைட் இல்லாத அறையில் இது வெறும் கறுப்புச் சுவர்.

இரண்டாவது, பகல் வெளிச்சத்தையோ டியூப்லைட் வெளிச்சத்தையோ உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டில் பச்சையாகக் கசியவிடுவது. இருட்டில் மின்னும் ஜெபமாலையும், பிள்ளைகள் அறையில் ஒட்டும் நட்சத்திரமும் இந்த வகை.

மூன்றாவதுதான் உண்மையான ரேடியம். வெளிச்சமே படாவிட்டாலும் இரவும் பகலும் தானாக ஒளிரச் செய்வது. இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பெயர் மட்டும் நம் வாயில் நிலைத்துவிட்டது.

இந்த மூன்றில் மூத்தது இரண்டாவது வகை. 1600-களின் தொடக்கத்தில் இத்தாலியின் போலோக்னா நகரத்தில் வின்சென்சோ காசியரோலோ என்ற செருப்புத் தைப்பவர், பக்கத்து மலையில் கிடைத்த கனமான ஒரு கல்லைக் கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் வரும் என்று நினைத்தாராம். வந்தது தங்கமல்ல, பகலில் வெயிலில் வைத்தால் இரவில் மின்னும் கல். அது பேரியம் சேர்ந்த கல். 1866-ல் பிரான்சில் தியோடோர் சிதோ என்பவர் ஒளிரும் துத்தநாக சல்பைடைச் செய்தார். 1870-களில் இங்கிலாந்தில் பால்மெயின் என்பவர் கால்சியம் சல்பைடைக் கொண்டு ஒளிரும் பெயிண்ட் விற்றார். எல்லாவற்றுக்கும் ஒரே குறை. ராத்திரி எட்டு மணிக்கு மின்னும், ஒன்பது மணிக்கு மங்கிவிடும்.

இனி நம்ம ஊர் மணலுக்கு வருவோம்.

என் வயதுக்காரர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு நினைவிருக்கும். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்து வந்து, பம்ப் அடித்து, உஸ் என்று இரைச்சலோடு எரியவிடுவோம். அதற்குள் வெள்ளையாகச் சின்னப் பைபோல ஒரு மேண்டில் தொங்கும். அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்ற சரியான கலவையை 1891-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பா முழுக்கத் தெருவிளக்குகள் இந்த மேண்டிலால் வெள்ளையாக எரிந்தன. தோரியத்துக்கு மோனசைட் என்ற மணல் வேண்டும். அது அப்போது பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது.

1909-ல் சோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டாராம். கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு நம் கடற்கரைக்கு வந்தார். 1910-ல் மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார், பிறகு கொல்லம் பக்கம் சவறாவிலும் ஒன்று. நம் மோனசைட்டில் தோரியம் ஏறக்குறைய 9 சதவீதம். பிரேசில் மணலைவிட இது அதிகம். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரரான சோம்பர்க் கைது செய்யப்பட்டார். ஆலைகள் பிரிட்டிஷ் கம்பெனி கைக்குப் போயின.

மேண்டில் செய்யத் தோரியத்தைப் பிரித்தெடுத்த பிறகு மீதி ஒரு கழிவு இருக்கும். அதில் ஒளிந்திருந்த ஒரு பொருளை 1907-ல் பெர்லினில் ஓட்டோ ஹான் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுப்பிளவைக் கண்டவர்களில் ஒருவரான அதே ஹான்தான். அந்தப் பொருளுக்கு மீசோதோரியம் என்று பெயரிட்டார். அது ரேடியத்தின் இன்னொரு வடிவம்தான் (ரேடியம் 228) என்பது பின்னால் தெரிந்தது. கியூரி தம்பதியர் 1898-ல் கண்ட ரேடியம் ஒரு கிராம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்ற காலம் அது. மேண்டில் கழிவிலிருந்து கிடைத்த மீசோதோரியம் மலிவு. அதைத் துத்தநாக சல்பைடோடு கலந்தால் இருட்டில் ஓயாமல் ஒளிரும் பெயிண்ட் ரெடி. வெயிலில் காய வைக்க வேண்டாம். துத்தநாக சல்பைடை ரேடியத்தின் கதிர்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

அன்று உலகத்துக்கு மோனசைட் கொடுத்தவை முக்கியமாகப் பிரேசிலும் நம் திருவிதாங்கூரும்தான். எந்த டப்பா பெயிண்டில் எந்தக் கடற்கரை மணல் இருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொழிலின் மூலப்பொருட்களில் ஒன்று நம் கரையிலிருந்தும் கப்பலேறியது.

அந்தப் பெயிண்டின் விலையைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் இளம்பெண்கள். நியூஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்தில் யு.எஸ். ரேடியம் கார்ப்பரேஷன் கடிகார முகப்புகளில் எண்களை வரைய அவர்களை வேலைக்கு வைத்தது. அதன் பெயிண்டில் ரேடியமும் இருந்தது, மீசோதோரியமும் இருந்தது. தூரிகை முனை கூராக இருக்க வேண்டும் என்று உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துளி வயிற்றுக்குள் போனது. சில வருடங்களில் பல் உதிர்ந்தது, தாடை எலும்பு அரித்தது. 1925-ல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் காரணம் ரேடியம்தான் என்று நிறுவினார். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணும் வேறு நான்கு பேரும் 1927-ல் வழக்குப் போட்டார்கள். 1928-ல் ஆளுக்குப் பத்தாயிரம் டாலரும் வருடாந்தரத் தொகையும் மருத்துவச் செலவும் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். அதே 1928-ல் அந்தப் பெயிண்டை உருவாக்கிய சோகோக்கியே ரேடியத்தால் வந்த நோயில் இறந்தார்.

ஏன் எலும்பு? பத்தாம் வகுப்பு தனிம அட்டவணையை நினைத்துப் பாருங்கள். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம், நான்கும் ஒரே செங்குத்து வரிசை, ஒரே குடும்பம். உடம்புக்குக் கால்சியத்துக்கும் ரேடியத்துக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. ரேடியத்தையும் கொண்டுபோய் எலும்பில் வைத்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போலோக்னா கல் பேரியம். பால்மெயின் பெயிண்ட் கால்சியம். கடிகார முகப்பு ரேடியம். துத்தநாகத்தை விட்டால், இருட்டில் ஒளிரும் பொருட்களின் கதை பெரும்பாலும் இந்த ஒரு குடும்பத்தைச் சுற்றியே வருகிறது. இன்றைய நல்ல பொருள் எது தெரியுமா? மீதியிருக்கும் ஸ்ட்ரான்சியம்!

என் மாமா ஒருவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பழைய கைக்கடிகாரம் வீட்டில் இருந்தது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்து அது இருட்டில் மின்னியதே இல்லை. "ரேடியம் தீர்ந்துபோச்சு" என்பார் மாமா. ரேடியம் அப்படித் தீராது. பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 வருடம் ஆகும். ஓயாமல் அடி வாங்கிக் கெட்டுப்போவது துத்தநாக சல்பைடுதான். அதனால் உங்கள் வீட்டில் பழைய ரேடியம் கடிகாரம் இருந்தால், மின்னவில்லை என்று கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள். விளக்குத்தான் அணைந்திருக்கிறது, விஷம் அணையவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காட்சி மாறியது. தோரியம் அணுசக்திப் பொருளானது. 1950-ல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மோனசைட்டைப் பிரிக்கும் ஆலுவா ஆலையை 1952-ல் நேரு திறந்துவைத்தார். 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலையும் அந்த நிறுவனத்தின் கீழ் வந்தது. இடையில் 1956-ல் நாமே திருவிதாங்கூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம். மணலெடுப்பைப் பற்றி நம் கடற்கரை ஊர்களில் நடக்கும் வாதம் பெரிய விஷயம், அதை இங்கே ஒரு வரியில் முடிக்க மாட்டேன்.

ரேடியம் போன பிறகு ஒளிரும் பொருட்களுக்குப் பழைய துத்தநாக சல்பைடே கதி என்றாயிற்று. விஷமில்லை, ஆனால் பலமும் இல்லை. 1993-ல் டோக்கியோவின் நெமோட்டோ கம்பெனி இதற்கு விடை கண்டது. ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற பொருளில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அரிய மண் தனிமங்களைச் சிட்டிகை அளவு சேர்த்தார்கள். துத்தநாக சல்பைடைவிடச் சுமார் பத்து மடங்கு பிரகாசம், நேரமும் அப்படியே பல மடங்கு. கதிரியக்கம் கிடையாது. ஸ்ட்ரான்சியம் 90 என்று அணுகுண்டுச் செய்திகளில் படிப்பீர்களே, அது வேறு. இது பாறையில் கிடைக்கும் சாதாரண ஸ்ட்ரான்சியம்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் குளத்தைக் காட்டிச் சொன்னால் எளிதாகப் புரியும். வெளிச்சம்தான் மழை. துத்தநாக சல்பைடு, மடை உடைந்த குளம். நிரம்பிய வேகத்தில் வடிந்துவிடும். ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் டிஸ்ப்ரோசியம் மடைப்பலகை மாதிரி நிற்கிறது. வாங்கிய ஒளியை விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விடும். அது விடும் பச்சை நிறமும் தற்செயலாக நமக்குச் சாதகமாக அமைந்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிறம் கிட்டத்தட்ட அந்தப் பச்சைதான்.

இந்த இரண்டு தனிமங்களும் நம் மோனசைட்டில் மிகக் கொஞ்சமே உண்டு. நம் மணல் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான வகைகளுக்குத்தான் பேர்போனது. டிஸ்ப்ரோசியத்தில் உலகம் சீனாவை நம்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் பல நாடுகள் விழித்துக்கொண்டன.

சரி, ஒரு பலகை ஒளிர்ந்தால் என்ன, ஒளிராவிட்டால் என்ன என்று கேட்கலாம். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

1990 ஏப்ரல் 7. ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பலில் தீ. 159 பேர் இறந்தார்கள். பலர் புகை நிறைந்த நடைபாதைகளில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். 1993-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, பயணிகள் கப்பல்களில் தரையை ஒட்டி வழிகாட்டும் ஒளிப்பட்டை எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. ஒளிசேமிக்கும் பட்டையானால், விளக்கு அணைந்து 10-ஆம் நிமிடத்தில் சதுர மீட்டருக்கு 15 மில்லிகேண்டெலா, 60 நிமிடம் வரை 2-க்கு மேல் ஒளிர வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அந்தப் பச்சைப் பட்டையை தினமும் தாண்டித்தான் போகிறார்கள். கல்ஃபுக்குப் போகிறவர்கள் விமானத்தில் இருக்கைகளுக்கு நடுவே தரையில் ஓடும் பட்டையைப் பார்த்திருப்பார்கள். பல விமானங்களில் அதுவும் இதே பொருள்தான்.

1993 பிப்ரவரி 26. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டுவெடிப்பு. மின்சாரம் போனது. புகையும் இருட்டும் நிறைந்த படிகளில் ஆயிரக்கணக்கானோர் தடவித் தடவி மணிக்கணக்கில் இறங்கினார்கள். அதன்பிறகு அந்தப் படிகளில் ஒளிரும் பெயிண்ட் பூசினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று உயிர்தப்பிய பலர், அந்தக் கோடுகள் உதவின என்று விசாரணையில் சொன்னார்கள். நியூயார்க் நகரம் 2004-ல் சட்டம் போட்டு, உயரமான அலுவலகக் கட்டடங்களின் படிகளில் இதைக் கட்டாயமாக்கியது.

1997 ஜூன் 13. டெல்லி உபஹார் தியேட்டர். கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை மேலேறி பால்கனிக்குள் புகுந்தது. விளக்குகள் போயின. அவசர விளக்கும் இல்லை, வழிகாட்டும் விளக்கும் இல்லை. கூடுதல் இருக்கைகள் போட்டு நடைபாதையை அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

நம் கும்பகோணத்தை யாரும் மறக்கவில்லை. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். அங்கே ஒளிரும் பலகை இருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூரை ஓலை, படி குறுகல். வழியே இல்லாத இடத்தில் வழிகாட்டிப் பலகை என்ன செய்யும்? அதனால் பலகை வாங்கும் முன் பார்க்க வேண்டியது வழி. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, பூட்டுத் தொங்குகிறதா, படிக்கட்டில் உடைந்த பெஞ்சும் பழைய நாற்காலியும் அடுக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வழி சரியென்றால், பலகைக்கு இந்த வாத்தியார் சொல்வது இதுதான்.

கடையில் "ரேடியம்" என்று கேட்காதீர்கள். "ஆட்டோ க்ளோ" அல்லது "நைட் க்ளோ" என்று கேளுங்கள். கேட்டாலும் நம்பிவிடாதீர்கள். ஷீட்டை டியூப்லைட்டின் கீழே வைத்து, அதன்மேல் உங்கள் கையை ஒரு நிமிடம் விரித்து வையுங்கள். பிறகு லைட்டை அணைத்துக் கையை எடுங்கள். கை இருந்த இடம் மட்டும் கறுப்பாகவும் சுற்றிலும் பச்சையாகவும் தெரிந்தால் அது ஒளிசேமிக்கும் பொருள். ஒன்றுமே தெரியாவிட்டால் அது லாரி ஸ்டிக்கர்.

அடுத்தது, அது துத்தநாகமா ஸ்ட்ரான்சியமா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் வெளிர் மஞ்சள்பச்சைதான். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டும் ஒன்றுபோல ஏமாற்றும். ஒரு துண்டு வாங்கி வந்து, லைட்டில் கால் மணி நேரம் வைத்து, இருட்டறையில் ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் எழுத்து படிக்க முடிந்தால் வாங்கலாம். அதிக அளவில் வாங்குகிறவர்கள் 10-ஆம் நிமிடத்திலும் 60-ஆம் நிமிடத்திலும் எத்தனை மில்லிகேண்டெலா என்ற சோதனைத் தாளைக் கேளுங்கள். கப்பலுக்குச் சொன்ன 15-ஐயும் 2-ஐயும் தாண்டட்டும். பாதுகாப்புக் குறிகளின் நிறம், வடிவத்துக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 9457 என்ற தரம் உண்டு. அதன்படி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றை மறக்காதீர்கள். ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டுக்குத் தண்ணீர் ஆகாது, பொடி கெட்டுவிடும். அதனால் பிளாஸ்டிக்குக்குள் நன்றாக மூடிய ஷீட்டோ அக்ரிலிக் பலகையோதான் நல்லது. மலிவான பெயிண்டை வாங்கி, கடற்காற்று அடிக்கும் சுவரில் பூசினால் இரண்டு மழைக்காலம் தாங்குவது கஷ்டம்.

குளம் நிரம்ப மழை வேண்டும் என்றேன். பலகை இருக்கும் இடத்தில் வழக்கமாக நல்ல வெளிச்சம் வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யும் டியூப்லைட்டும் நன்றாக நிரப்பும். அழகுக்குப் போடும் மஞ்சள் விளக்கு சரியாக நிரப்பாது. எப்போதும் இருட்டாக இருக்கும் சினிமா ஹாலுக்கும் குடோனுக்கும் இது மட்டும் போதவே போதாது, பேட்டரியில் எரியும் வழிப்பலகை வேண்டும்.

கடைசியாக, வைக்கும் உயரம். எல்லோரும் கதவுக்கு மேலே வைக்கிறார்கள். புகை முதலில் மூடுவது அந்த இடத்தைத்தான். மேலே ஒன்று இருக்கட்டும், முழங்காலுக்குக் கீழே சுவரில் ஒன்று, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு பட்டை. தவழ்ந்து வருகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன்மேல் காலண்டரும் கட்சி நோட்டீசும் ஒட்டவிடாதீர்கள். பெயிண்டர் வெள்ளையடிக்கும்போது அதையும் சேர்த்து அடித்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் சொந்தங்கள் கவனத்துக்கு: உங்கள் ஊரில் வயரும் பேட்டரியும் இல்லாமல் எந்நேரமும் ஒளிரும் சில வழிப்பலகைகளில் டிரிட்டியம் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் உண்டு. அது கதிரியக்கப் பொருள். மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை. உடைக்கவோ குப்பையில் போடவோ கூடாது.

உங்கள் கட்டடத்தில் ஒரு நாள் ராத்திரி, யாரும் இல்லாத நேரத்தில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சும் போடாமல், மாடியின் கடைசி அறையிலிருந்து வெளியே வந்து பாருங்கள். அந்தக் கட்டடத்தின் சாவி உங்கள் பையில் இருக்கிறது, ஒவ்வொரு மூலையும் உங்களுக்குத் தெரியும். அப்படியும் நீங்கள் தடுமாறினால், முதல்முறை வந்த விருந்தாளியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மக்களே.